'தி ஆஃபீஸ்' பாத்தா உங்களுக்கு நிஜமாவே சிரிப்பு வருதா?

வேளச்சேரி எக்ஸ்பிரஸ்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம். எங்க டீம்ல லஞ்ச் டைம் வந்தா அஞ்சாறு பேரு 'தி ஆஃபீஸ்' சீரியல் பத்தியேதான் பேசுவாங்க, ஒரு பேப்பர் கம்பெனி ஆஃபீஸ்ல நடக்குற காமெடி, அமெரிக்க வெர்ஷன், ஒருத்தன் அதுல வர்ற மேனேஜர் மைக்கேல் ஸ்காட் மாதிரி ஒரு லைன் விடுவான் இன்னொருத்தன் அவன் கீழ வேல பாக்குற ட்வைட் மாதிரி முறைச்சிக்கிட்டே பதில் சொல்லுவான், டேபிளே அதிரும். எனக்கு ஒண்ணும் புரியாது. சரின்னு போன மாசம் உக்காந்து முதல் சீசன் 6 எபிசோட், ரெண்டாவது சீசன்ல 3, ஆக 9 பாத்து முடிச்சேன். ஒரு தடவ கூட வாய்விட்டு சிரிக்கல.

முதல் எபிசோட்லயே மேனேஜர் என்ன பண்றான், ரிசப்ஷன்ல இருக்க பாம்ங்கிற பொண்ண கூப்ட்டு நீ ஆஃபீஸ் சாமான திருடிட்ட வேலைய விட்டு தூக்குறேன்னு சொல்றான், புதுசா வந்த ரயன்ங்கிற பையன் முன்னாடி ஷோ காட்டுறதுக்காக. அவ அழறா. அப்புறம் சும்மா விளையாட்டுக்குன்னு சொல்றான். இதுல எந்த இடத்துல சிரிக்கணும்? எனக்கு நெஞ்ச ஏதோ அடைக்கிற மாதிரிதான் இருந்துச்சு. காமெடின்னு லேபிள் ஒட்டி வச்சதால எல்லாரும் சிரிக்கிறாங்களா இல்ல எனக்குத்தான் எதோ பிடிபடலையா, பாத்தவங்க சொல்லுங்க. சண்டைக்கு கேக்கல, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்.

பிரிண்டர் பாபு

ப்ரோ முதல் சீசன வச்சு முடிவு பண்ணிடாதீங்க ப்ளீஸ். நான் மொத்தம் 9 சீசன் 201 எபிசோட் முழுசா மூணு ரவுண்டு முடிச்சவன். இது ஒரு பிரிட்டிஷ் சீரியலோட ரீமேக், 2005 மார்ச்ல என்பிசி சேனல்ல வந்த அந்த முதல் எபிசோட் கிட்டத்தட்ட அப்படியே பிரிட்டிஷ் ஸ்கிரிப்ட்தான், நீங்க சொன்ன அந்த பொய்யா வேலைய விட்டு தூக்குற சீன், ஸ்டேப்ளர ஜெல்லிக்குள்ள போட்டு வைக்கிறது எல்லாமே அங்கேர்ந்து வந்தது. அங்க டேவிட் பிரென்ட்டுங்கிற மேனேஜர் கேரக்டருக்கு அளவெடுத்து தச்ச சட்டை, இங்க மைக்கேலா நடிச்ச ஸ்டீவ் கரேலுக்கு பொருந்தல.

ரெண்டாவது சீசன்லேர்ந்து, அமெரிக்க வெர்ஷன உருவாக்குன கிரெக் டேனியல்ஸ் டீம் மைக்கேலையே மாத்திட்டாங்க. தலைய படிய வாரி விட்டிருந்தது கூட மாறிடும் கவனிச்சு பாருங்க. முக்கியமா அந்த ஆளுக்கு ஒரு திறமை குடுத்தாங்க. 'தி கிளையண்ட்'னு ஒரு எபிசோட், கம்பெனியோட பெரிய டீல பேச ஒரு சாதாரண ரெஸ்டாரண்ட்ல உக்காந்து சம்பந்தமே இல்லாம அரட்ட அடிச்சிட்டே இருப்பான், மேலதிகாரி ஜேன் பொறுமை இழந்துடுவா, கடைசில பாத்தா டீல் முடிஞ்சிருக்கும். அப்பதான் தெரியும் இவன் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தான்னு. அந்த சீசனுக்குத்தான் 2006ல சிறந்த காமெடிக்கான எம்மி, அதாவது அமெரிக்க டிவி விருது, கெடச்சுது. இன்னும் நாலு எபிசோட் தள்ளி அத பாருங்க.

பழைய விசிடி

நான் நேரா சொல்லிடுறேன், எனக்கும் சிரிப்பு வரல. ஒரு காமெடிக்கு 9 எபிசோட் பொறுமையா இரு அப்புறம் நல்லாருக்கும்னு சொன்னா அது என்ன கணக்கு? கவுண்டமணி வாயத் தொறந்த அடுத்த செகண்ட் தியேட்டர் குலுங்குச்சு, யாரும் அவர புரிஞ்சிக்க ரெண்டாவது வாரம் வரைக்கும் காத்திருக்கல. கிரேசி மோகன் நாடகத்துல ஒரு சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த வரி வந்து விழும், பின்வரிசைல இருக்கவன் பக்கத்து ஆளப் பாத்து என்ன சொன்னான்னு கேப்பான். அதுதான் எனக்கு நகைச்சுவை. இதுல ஒருத்தன் ஏதோ ஒளறுவான், எல்லாரும் பேசாம நிப்பாங்க, கேமரா ஒருத்தன் மூஞ்சிக்கு போகும், அவன் கேமராவ பாப்பான், முடிஞ்சுது. அந்த அமைதிய நான் எதுக்கு காமெடின்னு ஒத்துக்கணும்? நடிப்பு நல்லாருக்கு, இல்லன்னு சொல்லல.

பிரிண்டர் பாபு

// அந்த அமைதிய நான் எதுக்கு காமெடின்னு ஒத்துக்கணும் //

அண்ணே அந்த அமைதிதான் மேட்டரே. பின்னாடி சிரிப்பு சத்தம் போட்ட சீரியல்ல எங்க சிரிக்கணும்னு அவங்களே சொல்லிடுறாங்க. இதுல அந்த சத்தம் கிடையாது, ஒரு டாக்குமென்டரி டீம் ஆஃபீஸுக்குள்ள வந்து படம் எடுக்குற மாதிரி செட்டப், கேமரா ஜன்னல் திரைக்கு பின்னாலேர்ந்து எட்டி பாக்கும், ஒளிஞ்சு நின்னு ஜூம் பண்ணும். மைக்கேல் ஒளறும்போது அவன் கீழ வேல பாக்குற ஜிம் நம்மள திரும்பி பாக்குறான் இல்ல, அது "நீயும் பாத்தல்ல?"னு கேக்குற பார்வை. டீம் மீட்டிங்ல மேனேஜர் எதாவது சொன்னா எதிர் சீட்டுல இருக்க ஃப்ரெண்டோட கண்ண தேடுவோம் பாருங்க, அதே பார்வை. எனக்கு அந்த இடத்துலதான் சிரிப்பு வருது.

ஹேரோ வாசி

வணக்கம். நான் லண்டனுக்கு 1999ல வந்தனான். உங்கட கதையில ஒருத்தரும் இங்கிலாந்து 'ஒஃபிஸ்' பற்றி ஒழுங்கா சொல்லேல்ல எண்டபடியால எழுதுறன். அது 2001 ஜூலையில பிபிசி டூவில வந்தது. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் எழுதினது. ஆறு ஆறாய் ரெண்டு சீரிஸ், பிறகு 2003 டிசம்பரில கிறிஸ்மஸ் ஸ்பெஷல் ரெண்டு பாகம், மொத்தம் 14தான், அவ்வளவோட நிப்பாட்டிப் போட்டாங்கள். 2004ல அமெரிக்காவிலயே கோல்டன் குளோப் விருது வாங்கினது.

அதில டேவிட் பிரென்ட் ஸ்லவ் எண்ட ஊரில பேப்பர் விக்கிற கொம்பனிக்கு மனேஜர். நான் இருக்கிற இடத்தில இருந்து ஸ்லவ் கிட்டத்தான், நான் அந்தப் பக்கம் ஒரு வெயார்ஹவுஸ் ஒஃபிஸில நாலு வருசம் வேலை செய்தனான். அந்த சாம்பல் நிற கட்டிடம், போட்டோகொப்பி மெஷின் சத்தம், ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்காத அந்த மத்தியானம், எல்லாம் அச்சொட்டா அப்பிடித்தான். பிரென்ட் தன்னை ஒரு மனேஜர் எண்டு நினைக்கிறதேயில்லை, தான் ஆக்களை சிரிக்க வைக்கப் பிறந்த கலைஞன் எண்டு நினைக்கிறான். எதிரில நிக்கிற ஆக்கள் சம்பளத்துக்காக சிரிக்கினம், அது அவனுக்கு விளங்கேல்ல.

ரெண்டாவது சீரிஸ் முடிவில அவனையே வேலையால நிப்பாட்டுவாங்கள். அவன் வேண்டாம் எண்டு கெஞ்சுவான். முதல் நாள் பாத்தபோது நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான், அந்த இடத்தில அப்பிடியே நிண்டிட்டுது. எங்கட வெயார்ஹவுஸிலயும் ஒரு வெள்ளிக்கிழமை 11 பேரை நிப்பாட்டினவங்கள், எங்கட மனேஜரையும் சேர்த்து, அந்த மனுசன் தன்ர கோப்பையை பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு போனது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அதால சிரிப்பு வரேல்ல எண்டு சொல்ற தம்பி பிழையாப் பாக்கேல்ல. முதல்ல அதைச் செய்த ஆக்கள் அந்த சங்கடத்தைத்தான் நோக்கிப் போனவை.

மட்டுறுத்துநர்

பாக்காதவங்களும் இந்த இழைய படிக்கிறாங்க, முடிவ சொல்றதுக்கு முன்னாடி ஒரு வரி எச்சரிக்கை போடுங்க. மத்தபடி நல்லா போகுது, தொடருங்க.

வேளச்சேரி எக்ஸ்பிரஸ்

ஹேரோ அண்ணா நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நான் ஏன் கேட்டேன்னு இப்ப சொல்றேன். என் முதல் கம்பெனி, பேரு வேணாம், சேந்து எட்டு மாசம். ஒரு நாள் மேனேஜர் மீட்டிங் ரூமுக்கு கூப்ட்டு கதவ சாத்திட்டு, கிளையண்ட் பட்ஜெட் கட் பண்ணிட்டான், லிஸ்ட்ல உன் பேரு இருக்குன்னு சொன்னாரு. அப்பா அப்பதான் வீட்டு லோன் போட்டிருந்தாரு என் சேலரி ஸ்லிப்ப காட்டி. எனக்கு காது அடச்சு போச்சு. ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு கதவ தொறந்துட்டு டீம் மொத்தமும் கேக்கோட வந்து நிக்குது, என் பர்த்டே. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், கேக் வெட்டுனேன், போட்டோ கூட இருக்கு. சாயங்காலம் தரமணி ஸ்டேஷன்ல உக்காந்து ரயில் ரெண்டு விட்டுட்டேன் ஏற முடியாம.

அதனால பாம் அழற சீன் எனக்கு கதையா தெரியல.

பிரிண்டர் பாபு

ப்ரோ சாரி. நான் முதல்ல ஈஸியா சொல்லிட்டேன் தள்ளி பாருங்கன்னு. உங்களுக்கு ஏன் அந்த சீன் உறுத்துச்சுன்னு இப்ப புரியுது.

கோவை ஹெச்ஆர்

நான் ஹெச்ஆர்ல பதினாலு வருஷமா இருக்கேனுங்க, எனக்கு இந்த சீரியல் சிரிப்பாவும் இருக்கு கோவமாவும் இருக்கு, ரெண்டும் ஒரே எபிசோட்லயே வரும். முதல் சீசன் ரெண்டாவது எபிசோட் 'டைவர்சிட்டி டே' எடுத்துக்குங்க, அதுதான் அவங்க பிரிட்டிஷ் கதைய விட்டு சொந்தமா எழுதுனதுல முதல்ல வந்தது. மைக்கேல் ஆஃபீஸ்ல ஒரு இனக்கிண்டல் காமெடிய அப்படியே நடிச்சு காட்டுனதால புகார் போயி வெளியில இருந்து ஒரு பயிற்சியாளர் வர்றார். எல்லாருமே உக்காந்து வகுப்பு கேட்டு கையெழுத்து போடோணும். கடைசில பாத்தா உண்மையில கையெழுத்து வேண்டியது மைக்கேல்கிட்ட இருந்து மட்டும்தான், அவர் ஒருத்தர சங்கடப்படுத்த வேண்டாம்னு மொத்த ஆஃபீஸையும் உக்கார வச்சிருக்காங்க.

இத பாத்து நான் சத்தம் போட்டு சிரிச்சேனுங்க, ஏன்னா இத நானே செஞ்சிருக்கேன். ஒரே ஒரு ஆளு தப்பு பண்ணுவாரு, பெரிய ஆளு, அவர நேரா கேக்க மேல இருந்து விடமாட்டாங்க, "எல்லா ஊழியர்களும் கட்டாயம் முடிக்க வேண்டிய பயிற்சி"ன்னு நாங்க நானூறு பேருக்கு மெயில் அனுப்புவோம். எழுதுனவருக்கு ஆஃபீஸ் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கு.

கோவம் எங்க வருதுன்னா டோபி கேரக்டர். அவர்தான் அங்க ஹெச்ஆர், மைக்கேல் அவர காரணமே இல்லாம வெறுப்பாரு, பேச விடமாட்டாரு, நம்மள டோபிய பாத்து சிரிக்க வைக்கிறாங்க. நம்ம ஊர்ல 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேல பாத்தா பாலியல் துன்புறுத்தல் புகார விசாரிக்க கமிட்டி போட்டே ஆகோணும், அந்த கமிட்டில உக்காந்து புகார் குடுக்க வர்ற பொண்ணு முகத்த பாத்தவங்களுக்கு, புகார் வாங்குற ஆள கேலிப்பொருளா வச்சா அது யாருக்கு வசதின்னு தெரியும். இன்னைக்கும் புது ஆளுங்க என்ன பாத்து "நீங்க டோபி மாதிரியா"ன்னு கேக்குறாங்க.

ஜெர்சி சித்தப்பா

ஹெச்ஆர் மேடம், ஒரு சின்ன தகவல், டோபியா நடிச்ச பால் லீபர்ஸ்டீன் அந்த சீரியலோட எழுத்தாளர்ல ஒருத்தர், பின்னாடி சில சீசன் மொத்த பொறுப்பும் அவர்தான் பாத்தார். ரயனா வர்ற பி.ஜே. நோவாக்கும் எழுத்தாளர், 'டைவர்சிட்டி டே' எழுதினதே அவர்தான். அதே ஆஃபீஸ்ல வேலை பாக்குற இந்தியப் பொண்ணு கெல்லியா வர்ற மிண்டி கேலிங்கும் எழுத்தாளர். இந்த மூணு பேரும் மெயின் ஹால விட்டு பின்பக்க ரூம்லதான் அதிகம் உக்காந்திருப்பாங்க.

மிண்டி கேலிங் அப்பா நம்ம ஊர்க்காரர், சொக்கலிங்கம்கிற பேருதான் சுருங்கி கேலிங் ஆச்சு. அம்மா வங்காளி. 2006 நவம்பர்ல வந்த 'தீவாளி' எபிசோட் அவங்க எழுதினது, அதுல கெல்லியோட அப்பா அம்மாவா வர்றது மிண்டியோட நிஜ அப்பா அம்மா. நான் அப்ப இங்க வந்து ரெண்டு வருஷம், என் ரூம்மேட் ஒரு அமெரிக்கன், அவன் கூட உக்காந்து பாத்தேன். என்பிசி மாதிரி சேனல்ல ப்ரைம் டைம்ல ஒரு ஸ்கூல் ஹால்ல நம்ம ஜனங்க புடவை கட்டிக்கிட்டு ஆடுறாங்க, செருப்பு எல்லாம் வாசல்ல குவிஞ்சு கிடக்கு... எனக்கு சிரிப்ப விட வேற என்னமோ வந்துச்சு அன்னைக்கு. மைக்கேல் அத இந்துக்களோட ஹாலோவீன்னு நெனச்சிட்டு வருவான், அதுக்கு என் ரூம்மேட் சிரிச்சான், அப்புறம் திரும்பி தீவாளின்னா என்னன்னு என்கிட்ட நெஜமாவே கேட்டான்.

வராகநதி

ரொம்ப நாளா இங்கன படிச்சிட்டு மட்டும் இருக்கேன், முதல் பதிவு. கெல்லி பத்தி எனக்கு வேற கருத்து. 'டைவர்சிட்டி டே'ல மைக்கேல் அவ மூஞ்சிக்கு நேரா நம்ம ஆளுங்க பேசுற மாதிரி இங்கிலீஷ் பேசி காட்டுவான், கெல்லி பளார்னு ஒரு அறை விட்டுட்டு போயிருவா. அந்த எபிசோட்ல அவ அமைதியான, தலைய கட்டி வச்ச ஆபீஸ் பொண்ணு. அதுக்கப்பறம் வர்ற கெல்லி வேற ஆளு, நடிகர் நடிகை கிசுகிசு, ரயன் பின்னாடி அழுகறது, வாய் ஓயாத பேச்சு. அந்த அறை விட்ட பொண்ணு எங்க போனான்டு எனக்கு வருத்தமா இருந்துச்சு.

பிரிண்டர் பாபு

// அந்த அறை விட்ட பொண்ணு எங்க போனான்டு //

நான் அத வேற மாதிரி பாக்குறேன் வராகநதி. அதுக்கு முன்னாடி அமெரிக்க டிவில நம்ம ஆளுன்னா ஒண்ணு கடைக்காரர் இல்ல டாக்டர் இல்ல கம்ப்யூட்டர். மேலோட்டமா, சுயநலமா, லூசுத்தனமா இருக்க உரிமை கூட நமக்கு குடுக்கல. கெல்லி அத எடுத்துக்கிட்டா, அதுவும் அந்த கேரக்டர ஒரு நம்மூர் பொண்ணே எழுதி நடிச்சா. தீவாளின்னா என்னன்னு மைக்கேல் கேக்கும்போது அவளுக்கே சரியா சொல்ல தெரியாது, டிரஸ் பத்தியும் சாப்பாடு பத்தியும் பேசுவா. என் தங்கச்சிய கேட்டாலும் அதத்தான் சொல்லுவா, எனக்கு அது ரொம்ப நெருக்கமா இருந்துச்சு.

பழைய விசிடி

எல்லாரும் இவ்ளோ சொல்றீங்களேன்னு கேக்குறேன், பேச்சு கம்மியா உடம்பால பண்ற காமெடி எதாவது இருக்கா இதுல? ஒரே ஒரு எபிசோட் சொல்லுங்க, பாக்குறேன்.

பிரிண்டர் பாபு

அண்ணே 5வது சீசன் 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்', 2009 பிப்ரவரில சூப்பர் பவுல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல், முடிஞ்ச உடனே போட்டாங்க, அந்த சீரியல்லயே அதிகமான பேர் பாத்த எபிசோட் அதுதான். முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் பாருங்க. ட்வைட் தீயணைப்பு பயிற்சின்னு யார்கிட்டயும் சொல்லாம கதவெல்லாம் சூடாக்கி வச்சிட்டு புகைய கெளப்பி விடுவான்.

பழைய விசிடி

பாத்தேன். சிரிச்சேன், மறைக்கல. ஒருத்தி தன் பூனைய மேல தூக்கி போடுறா பாருங்க சீலிங்குக்குள்ள இருக்கவன் பிடிப்பான்னு, அது வேற பக்கத்து சீலிங்க பொத்துக்கிட்டு கீழ விழுது, என் பையன் பக்கத்து ரூம்லேர்ந்து என்னப்பா ஆச்சுன்னு வந்துட்டான். ரெண்டு பேரும் சேந்து திரும்ப ஓட்டி பாத்தோம். அதுல ஒவ்வொருத்தனும் ஓடுற விதம் வேற வேற, ஒருத்தன் சாக்லேட் மெஷின உடைக்கிறான், ஜெராக்ஸ் மெஷின வச்சு கதவ இடிக்கிறாங்க, யார் யாரு எப்படிப்பட்டவன்னு எனக்கு ஒரு டயலாக் இல்லாம தெரிஞ்சு போச்சு. இது கட்டமைச்ச காமெடி, மரியாத குடுக்குறேன்.

ஆனா அந்த எபிசோட் முழுசா பாத்தேன், அங்கதான் இந்த இழைல பேசிட்டு இருக்க விஷயம் வருது. ஸ்டான்லிங்கிற பெரியவருக்கு மாரடைப்பு வந்து பொழச்சு வருவார், டென்ஷன் ஏறுனா சத்தம் போடுற ஒரு மெஷின் குடுத்திருப்பாங்க, மைக்கேல் கிட்ட வந்தா அது கத்தும் தள்ளி போனா அடங்கும். நான் முப்பத்தோரு வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திர எந்த வருஷம் ஆரம்பிச்சேன், யார் கீழ இருந்தப்போ ஆரம்பிச்சேன்னு எனக்கு தேதியோட தெரியும். அந்த மெஷின் சத்தத்துக்கு சிரிச்சேன், பையன் சிரிக்கல, என்னையே பாத்துட்டு இருந்தான்.

ஹேரோ வாசி

ஐயா நீங்கள் எழுதினதை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினனான்.

வராகநதி

எல்லாரும் மனசு தொறந்து பேசுறதால நானும் சொல்றேன். 6வது சீசன்ல 'ஸ்காட்ஸ் டாட்ஸ்'ன்டு ஒரு எபிசோட் இருக்கு. இந்த சீரியல உயிரா நெனைக்கிறவங்களே பாதிப்பேரு அத தள்ளி விட்டுட்டு அடுத்தத பாப்பாங்க. பத்து வருஷத்துக்கு முந்தி ஏழைப்பிள்ளைங்க படிக்கிற ஒரு வகுப்புக்கு போயி, நீங்க ஸ்கூல் முடிச்சீங்கன்னா காலேஜ் ஃபீஸ் நான் கட்டுறேன்டு மைக்கேல் வாக்கு குடுத்திருப்பான். அப்ப தான் முப்பது வயசுல கோடீஸ்வரன் ஆயிருவோம்ன்டு நெனப்பு. அந்த பிள்ளைங்க ஸ்கூல் முடிக்கப்போறாங்க, அவனுக்கு நன்றி சொல்ல பாட்டு பாடி ஆடி விழா எடுக்குறாங்க, இவன் கையில காசு இல்ல. கடைசில லேப்டாப் பேட்டரி குடுப்பான். லேப்டாப் கூட இல்ல, பேட்டரி.

நான் பிளஸ் டூல 1124 மார்க். ஊர்ல ஒரு பெரிய மனுஷன் மேடையில மைக் பிடிச்சு இந்த பிள்ளையோட படிப்பு செலவு என் பொறுப்புன்டு சொன்னாரு, சால்வ போட்டாங்க, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. கவுன்சிலிங்ல சீட்டு கெடச்சு ஃபீஸ் கட்ட போனப்ப அவரு வீட்டுக்கு எங்கம்மா ஏழு தடவ நடந்தாங்க. ஏழாவது தடவ வேலைக்காரம்மா வந்து ஐயா வெளியூர்ன்டு சொன்னாங்க, உள்ள அவரு இருமுற சத்தம் கேட்டுச்சு. அந்த சீட்ட விட்டுட்டு பக்கத்துல ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்தேன். இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன், அது வேற.

அந்த எபிசோட்ல ஒரு பிள்ளை எந்திரிச்சு மைக்கேல கேள்வி கேக்கும்போது நான் டேப்ப கவுத்து வச்சிட்டேன். அத விட எனக்கு தாங்காதது என்னன்னா, திரும்பி போற வண்டியில அவன்கூட வந்த ரிசப்ஷன் பொண்ணு எரின் அவன்கிட்ட சொல்லுவா, உன் வாக்க நம்பித்தான் அந்த பிள்ளைங்கள்ல முக்காவாசிக்கு மேல ஸ்கூல் முடிக்கிறாங்களாம், அதனால நீ செஞ்சதுல நல்லதும் இருக்குன்டு. அந்த ஆறுதல் யாருக்கு? அவனுக்கு. பஸ் ஏறி வீட்டுக்கு போற பிள்ளைக்கு அந்த வண்டியில இடமில்ல, கேமராவும் அவன் கூடத்தான் போகுது. நான் சிரிக்கலன்டு சொல்றது அதனாலதான். கேமரா யார் பக்கம் உக்காந்திருக்குன்டு பாருங்க.

பிரிண்டர் பாபு

நேத்து ராத்திரி இத படிச்சுட்டு உடனே பதில் எழுத முடியல. மூணு ரவுண்டு பாத்தவன்னு முதல் பதிவுல சொன்னேன் இல்ல, அந்த கார் சீன்ல ஒவ்வொரு தடவையும் நான் மைக்கேலுக்காக நிம்மதிப்பட்டிருக்கேன். பிள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஒரு தடவ கூட எனக்கு தோணல. இது உண்மையான விமர்சனம் வராகநதி, நான் ஏத்துக்கிறேன். சீரியல் எனக்கு இன்னமும் பிடிக்கும். அந்த எபிசோட நான் இனிமே யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

கோவை ஹெச்ஆர்

வராகநதி, உங்க அம்மா நடந்த ஏழு நடைய நான் மறக்க மாட்டேனுங்க.

ஜெர்சி சித்தப்பா

நான் கொஞ்சம் ஊர் பத்தி சொல்றேன், அமெரிக்க சீரியலோட கதை நடக்குறது ஸ்க்ரான்டன்ல, நான் இருக்க இடத்துலேர்ந்து அது ரெண்டு மணி நேரம் டிரைவ். சீரியல் கலிபோர்னியால எடுத்தது, ஆனா டைட்டில்ல வர்ற அந்த கோபுரம் வச்ச கட்டிடம் நெஜமாவே அங்க இருக்கு, பென்சில்வேனியா பேப்பர் அண்ட் சப்ளைன்னு நெஜ பேப்பர் கம்பெனி. ஒரு காலத்துல நிலக்கரியால கொழிச்ச ஊரு, சுரங்கம் மூடினதும் ஜனம் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிட்டாங்க. அந்த ஊர்ல பேப்பர் விக்கிற வேலை போச்சுன்னா அடுத்த வேலை சட்டுனு கெடைக்காது. அதனாலதான் ஸ்டான்லி குறுக்கெழுத்து போட்டுக்கிட்டே பல்ல கடிச்சிட்டு உக்காந்திருக்கார், அதனாலதான் பாம் படம் வரையணும்ங்கிற ஆசைய வச்சிட்டு ரிசப்ஷன்ல போன் எடுக்குறா. சீரியல் முழுக்க கிளைய மூடப்போறாங்க, ஆள குறைக்கப்போறாங்கன்னு பயம் ஓடிட்டே இருக்கும்.

ஒண்ணு கவனிச்சேன். மைக்கேல் தன் கீழ இருக்கவங்கள படுத்தும்போது எனக்கு சிரிப்பு பாதிதான் வரும். அதே மைக்கேல் நியூயார்க் ஹெட் ஆஃபீஸ்ல மேலதிகாரி முன்னாடி ஒளறும்போது முழுசா வரும். எழுந்து போக முடிஞ்ச ஆள் எதிர்ல இருந்தா எனக்கு சிரிப்பு தடையில்லாம வருது. வேளச்சேரி தம்பி, 4வது சீசன் 'டின்னர் பார்ட்டி' பாருங்க, 2008ல எழுத்தாளர் வேலைநிறுத்தம் முடிஞ்சு திரும்பி வந்ததும் முதல்ல போட்ட எபிசோட். ஆஃபீஸே கிடையாது, மைக்கேல் வீட்ல நடக்குது.

வேளச்சேரி எக்ஸ்பிரஸ்

சித்தப்பா பாத்துட்டேன். நேத்து ரூம்மேட்டோட, பரோட்டா வாங்கிட்டு வந்து வச்சிக்கிட்டு.

மைக்கேல் தன் வீட்ட சுத்தி காட்டுறான், பெருமையா ஒரு டிவிய காட்டுறான் பிளாஸ்மா டிவி, கைய அகல விரிச்சா அத விட சின்னது, சில சமயம் மணிக்கணக்கா நின்னு இதயே பாத்துட்டு இருப்பேன்னு சொல்லிட்டு, இடம் பத்தலன்னா உள்ள தள்ளிக்கலாம்னு செவுத்தோட தள்ளுறான், ரெண்டு இன்ச் உள்ள போகுது. எனக்கு அங்க பொத்துக்கிட்டு வந்துச்சு. பரோட்டா மூக்குல ஏறி இருமி தண்ணி குடிச்சு, ரூம்மேட் முதுகுல தட்டி, திரும்ப ஓட்டி பாத்து திரும்ப சிரிச்சு... அப்புறம் அவன் தூங்குறதுக்கு கட்டில் கால்மாட்டுல ஒரு பெஞ்ச் தான்னு தெரியுற இடத்துல சிரிப்பு நின்னு அந்த ஆள் மேல பாவமா போச்சு. பத்து எபிசோட்ல முதல் தடவையா அவன பாத்து எனக்கு என் பழைய மேனேஜர் ஞாபகம் வரல.

பாம் சீன திரும்ப போட்டு பாத்தேன் இன்னைக்கு காலைல. இப்பவும் சிரிப்பு வரல, அத ஃபார்வர்ட் பண்ணல, முழுசா பாத்தேன். கவனிச்சா அவ அழுது முடிச்சதும் அவன மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த திட்டிட்டு எழுந்து போறா. முதல் தடவ எனக்கு அது காதுல விழவே இல்ல.

ஹேரோ வாசி

தம்பி, அப்ப நேரம் கிடைக்கேக்க இங்கிலாந்து கிறிஸ்மஸ் ஸ்பெஷலையும் ஒருக்கா பாருங்கோ. முதல் 12ஐயும் பாத்துப்போட்டுத்தான் பாக்கோணும். அதில வேலை போன பிரென்ட் பழைய ஒஃபிஸுக்கு நாயோட வந்து வந்து நிப்பான், அங்க ஒருத்தருக்கும் அவன் தேவையில்லை. முடிவு சொல்லமாட்டன்.

பழைய விசிடி

நானும் பையனும் சேந்து அத ஆரம்பிக்கிறோம் ஞாயித்துக்கிழமை. மட்டுறுத்துநர் ஐயா, பாத்துட்டு வந்து எழுதுற வரைக்கும் இந்த இழைய பூட்டிடாதீங்க.